மலைமேல் காவல் தீ

கரைப்பட்டிக்காரர்கள் அதை மலை என்பார்கள். மேற்கே செண்பகத்தோப்புக் காட்டுக்கு மேல் நிற்கும் நிஜமான மலைகளைப் பார்த்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஒரே மூச்சில் ஏறிவிடலாம். ஆனால் உச்சியில் நின்றால் காலடியில் கண்மாய், கரையில் ஊர், வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம், அதற்கு அப்பால் பெருமாள் இருக்கும் இந்தப் பக்கத்துத் திருவண்ணாமலை, தெற்கே ராஜபாளையம், அதையும் தாண்டி மங்கலாகச் சேத்தூர்ப் பக்கம் எல்லாம் தெரியும். ஏறி வருகிறவர்களுக்கு இதையெல்லாம் கைநீட்டிக் காட்டுகிறவள் அய்யம்மாள். அவளுக்கோ காவலுக்கு வந்தபின் அந்த ஊர்களில் ஒன்றில்கூட ஓர் இரவு தங்கக் கொடுத்துவைக்கவில்லை.

அவள் கண்மாய்க் காவல்காரி. மழைக்காலத்தில் கரை உடையாமல் பார்க்க வேண்டும், கோடையில் மீன் திருடுபோகாமல் பார்க்க வேண்டும். அந்தி சாய்ந்ததும் உச்சிப்பாறைக் குடைவில் தீ மூட்டுவாள். தீ எரிந்தால் காவல் இருக்கிறது, ஊர் படுக்கலாம் என்று அர்த்தம். கூலியாக ஒரு துண்டு வயல். ஓர் இரவு தீ எரியாவிட்டாலும் வயல் போய்விடும். மாற்றுக்கு யாரையாவது கேட்டால், "வயலையும் தாறியா?" என்பார்கள். புருஷன் சிவனாண்டி கெட்டிக்காரன். கைக்குழந்தையையும் காவலையும் அவள் தலையில் கட்டிவிட்டுக் கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான்.

அவள் பிறந்த ஊர் சேத்தூர். கருக்கலில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம். சேர்ந்து இரண்டு வாய் சாப்பிட்டதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவளாகத் திரும்ப வேண்டும். பெற்ற ஆத்தா சாகக் கிடந்தபோதும் அப்படித்தான். "ஏட்டி, ராத்திரிக்கு இருந்துட்டுப் போ" என்று கையைப் பிடித்துக்கொண்டாள் ஆத்தா. "தீயைப் போட்டுட்டு விடிஞ்சதும் வாரேன்" என்று அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வந்தாள். மறுநாள் போனபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். தாய் செத்த அன்றும் தீ தவறவில்லை என்று கரைப்பட்டியே அவளை மெச்சியது. அந்த மெச்சலை உலையிலா போட முடியும்?

மகள் முத்துப்பேச்சியை அண்ணன் மகனுக்கு, அதே சேத்தூர் வீட்டில்தான் கட்டிக் கொடுத்திருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நல்லபடியாக முடிந்திருந்தது. இரண்டாவது பிள்ளைக்கு இந்த ஐப்பசியில் வலி எடுத்துவிட்டதென்று ஆள் வந்து சொன்னதும் அய்யம்மாள் ஓடினாள். மத்தியானம் கழிந்தும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி கருத்தம்மாள் பேச்சைக் குறைத்துவிட்டாள். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அய்யம்மாள் வாசலைப் பார்ப்பதைக் கண்டு முத்துப்பேச்சி அவள் கையைப் பிடித்தாள்.

"போயிராதம்மா."

அதே வீடு. ஆத்தா கிடந்த அதே மூலை. அய்யம்மாள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"போகலட்டி," என்றாள். "கண்மா கெடந்துட்டுப் போகுது."

பிள்ளை பிறந்தது, தாயும் பிழைத்தாள். ஆனால் இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்தது. ஒவ்வோர் இடிக்கும் கரை உடைவதாகவே அவளுக்குக் கேட்டது. தன் ஒருத்தியை நம்பி ஓர் ஊரே தூங்குகிறது என்ற நினைப்பு நெஞ்சை அறுத்தது. விடிந்ததும் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். போனால் வயல் போகட்டும், உயிர்ச்சேதம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிடாத சாமி இல்லை.

கரை நின்றிருந்தது. கரைமேல் நாட்டாமை சமுத்திரமும் நின்றிருந்தார். காலில் விழுந்துவிடலாம் என்று அவள் நெருங்குமுன் அவரே கையைத் தூக்கினார்.

"ஏட்டி அய்யம்மா! நேத்து அந்தப் பேய்மழையிலயும் உன் தீ நின்னு எரிஞ்சுச்சே! வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் படுத்தேன்."

"பாத்தீகளா மாமா?"

"பின்னே? என்னைக்காவது பாக்காமப் படுத்திருக்கமா? நீ முழிச்சிருக்கப் போய்த்தானே ஊரு கண்ண மூடுது!"

வயல் பிழைத்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளால் முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறினாள்.

குடைவில் முந்தாநாள் சாம்பல் நனைந்து கிடந்தது. அடுக்கிய விறகு அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து தெற்கே பார்த்தாள். இத்தனை வருஷமும் ஊரே தன் தீயைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்து அந்த ஊருக்குப் பயந்து கிடந்திருக்கிறாள். யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்த்ததில்லை.

"ஆத்தா," என்று வாய்விட்டு அழுதாள். "அன்னைக்கு நான் இருந்திருக்கலாமே ஆத்தா! ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே!"

கீழே யாருக்கும் அது கேட்கவில்லை. சேத்தூர்ப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மேகம் மறுபடி திரண்டிருந்தது, கண்மாயோ விளிம்பு தட்டிக் கிடந்தது. யார் பார்க்காவிட்டாலும் தண்ணீர் உடைக்கும். அய்யம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றிரவுத் தீக்கு அடியிலிருந்து காய்ந்த விறகாகப் பார்த்து உருவினாள்.