லியாண்டர் கீப்பிங் சபையில் வீடு வீடாகப் போன நாள்

எங்கள் தொகுதி உறுப்பினர் லியாண்டர் கீப்பிங் சட்டசபையில் எப்படி நிற்பார் என்று நான் கண்ணால் பார்த்ததில்லை. சாண்டர் தீவிலிருந்து கப்பலில் ஒன்றரை நாள், பிறகு ரயிலில் ஒரு நாள். அவ்வளவு தூரம் போக எனக்கு ஒரு காரணமும் வாய்க்கவில்லை. ஆனாலும் மீனைக் காயப்போட்டு நிற்கிறபோது கடல்மேல் மூடுபனி இறங்கிவிட்டால், அவர் அங்கே நிற்பது எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். பச்சைக் கம்பளத்தின்மேல் கால்களை அகட்டி வைத்து நிற்பார். படகில் பழகிய கால்கள். இந்தத் தரை ஆடாது என்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

அவரும் மீன் பிடித்தவர்தான். வலை இழுக்கும் உருளையில் சிக்கி இடது கையில் மூன்று விரல் போன பிறகு கரையோடு நின்றுவிட்டார். அந்த வருஷம் தேர்தல் வந்தது. வேறு யாருக்கும் நேரமில்லை. "கைதான் சும்மா இருக்கே, அதத் தூக்கிட்டு நில்லு" என்று சொல்லி ஊரார் அவரை நிறுத்திவிட்டார்கள். ஜெயித்தும் விட்டார்.

ஆறு வருஷமாகச் சபையில் அவர் செய்தது ஒன்றே ஒன்று. மனுக் கொடுப்பார். ஊர்க்காரர் கையெழுத்துப் போட்ட தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தால் மூன்று நிமிஷம் பேச விடுவார்கள். கிணற்றுக்கு ஒரு மனு, கலங்கரை விளக்குக்கு ஒன்று, பள்ளிக்கூட அடுப்புக்கு ஒன்று. கையில் தாள் இருந்தால்தான் அவர் வாய் திறக்கும். எதிர்வரிசைக்காரர்கள் அவருக்குத் தபால்காரர் என்று பேர் வைத்தார்கள். ஊருக்கு வந்து அதை அவரே சொல்லிச் சிரித்தார்.

அறுபத்தெட்டாம் வருஷம் நவம்பரில் ஒரு கடிதம் வந்தது. சாண்டர் தீவில் முப்பத்தோரு வீடுதான் இருக்கிறது, ஆகையால் ஜனவரியிலிருந்து கரைக்கப்பல் இங்கே நிற்காது என்று எழுதியிருந்தது. கப்பல் நிற்காவிட்டால் மாவு இல்லை, தபால் இல்லை, டாக்டர் இல்லை. என் கணவர் கார்லண்டின் இருதய மாத்திரையும் அந்தக் கப்பலில்தான் வரும். எண்ணிப் பார்த்தேன். ஜனவரி பத்து வரைக்கும் இருந்தது.

கப்பல் வரத்து நின்றுபோன ஊர் என்ன ஆகும் என்று நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில் எல்லோருக்கும் தெரியும். முந்தின வருஷம் பக்கத்துத் தீவுக்காரர்கள் தங்கள் வீடுகளையே பீப்பாய்களின்மேல் கட்டி, கடலில் மிதக்கவிட்டு, மோட்டார் படகால் இழுத்துக்கொண்டு போனார்கள். அமைதியான காலை நேரம். ஒரு வீட்டின் மாடி ஜன்னலில் வெள்ளைத் திரைச்சீலை ஆடிக்கொண்டே எங்கள் முனையைத் தாண்டிப் போயிற்று. நான் கையசைத்தேன். யாருக்கு அசைத்தேன் என்று தெரியவில்லை.

லியாண்டர் மனு எழுதச் சொன்னார். ஊரில் எழுத்து வேலை எல்லாம் என்னுடையது. படித்தது நாலாம் வகுப்புதான், ஆனால் கர்த்தர் எனக்கு நல்ல கையெழுத்தைக் கொடுத்திருக்கிறார். கடைக்குச் சாமான் எழுதுவதும், தூரத்துப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவதும், கல்லறைப் பலகையில் பேர் எழுதுவதும் நான்தான். அதனால் கோயில் கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். டீ குடித்தார்கள், வெல்லப்பாகு ரொட்டி தின்றார்கள், பேரைச் சொன்னார்கள், போனார்கள். தொண்ணூற்றேழு பேர். முந்தின மனுக்களில் அவரவரே கிறுக்குவார்கள்; இது பெரிய காரியம் என்று இந்தத் தடவை எல்லாப் பேரையும் நானே, ஒரு கறை இல்லாமல், கோடு போட்ட மாதிரி எழுதி முடித்தேன். லியாண்டர் அதைக் கண்ணாடி போல இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். "பாக்கவே ஜெபப் புத்தகம் மாதிரி இருக்கு மெல்வினா" என்றார். நாங்கள் யாருமே அதில் ஒரு குறையும் காணவில்லை.

அவர் போய்ச் சேர்ந்த மறுநாள் தந்தி வந்தது. தந்தி வாங்குகிற அம்புரோஸ் ஸ்கின்னர் அதை உறையில் போட்டுக் கொடுக்கிறவர் அல்ல. வழியெல்லாம் படித்துக்கொண்டே வருகிறவர். தாள் ஏற்கவில்லை, எல்லாம் ஒரே கையெழுத்து, வியாழன் பேசுவேன், ஜெபியுங்கள் என்று இருந்தது. அவரவர் பேரை அவரவர் கையால்தான் போட வேண்டுமாம். எழுதத் தெரியாதவர் ஒரு சிலுவைக்குறி போட்டால்கூடப் போதுமாம். வெள்ளிக்கிழமை சபை கிறிஸ்துமஸுக்குக் கலைகிறது. புதுத் தாள் போய்ச் சேர வழியில்லை.

"அழகா எழுதினா அதுவும் குத்தமாப் போச்சு பாத்தியா" என்றார் அம்புரோஸ். "என் எழுத்து மாதிரி கோழி கிளறுனதா இருந்தா தப்பிச்சிருக்கும்."

தந்தியை வாங்கி மடித்துக்கொண்டேன். லியாண்டரின் மனைவி டிரைஃபினா வீட்டுக்குப் போனேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரரோட காரியத்த நான் கெடுத்துட்டேன்க்கா."

"அந்த ஆள நீ ஒருத்தியா கெடுத்துற முடியும், கண்ணு? முப்பது வருஷமா நானே பாத்துட்டிருக்கேன்."

"தாள் இல்லாம அவருக்குப் பேச வருமா?"

டிரைஃபினா பிசைவதை நிறுத்தினாள். "வராது. கல்யாணத்தன்னிக்கு சம்மதமான்னு பாதிரியார் மூணு வாட்டி கேட்டாரு. அப்புறம் நாந்தான் இடிச்சேன்."

வியாழக்கிழமை காலையிலேயே போய்க் கோயில் அடுப்பை மூட்டினேன். சொல்லாமலே சிலர் வந்தார்கள். எங்களுக்கு அங்கே பாதிரியார் கிடையாது, மாதம் ஒருமுறை வருவார். அதனால் யாரும் சத்தமாக ஜெபிக்கவில்லை. வெளியே பனி ஜன்னல்வரை ஏறி வந்திருந்தது. கண்ணை மூடினால் கோயிலே பீப்பாய்களின்மேல் மிதந்து போகிற மாதிரி இருந்தது. ஆண்டவரே, அவர் வாயில் ஒரு வார்த்தையை வையும் என்று கேட்டேன். ஒன்று போதும் என்றுதான் கேட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின கடைசிக் கப்பலில் லியாண்டர் வந்து இறங்கினார். என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டோம். "பேசினேன். கேட்டாங்க. யோசிக்கிறேன்னு மந்திரி சொன்னாரு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அவ்வளவுதான் அவரிடம் கிடைக்கும். ஆனால் அதே கப்பலின் தபால் பையில் சபையில் பேசியதை அப்படியே அச்சடித்து அனுப்புகிற புத்தகமும் வந்திருந்தது. கூடத்தில் உட்கார்ந்து அதை நான் வாசித்தேன்.

அன்றைக்கு ஏதோ செலவு மசோதா. அந்த மாதிரி மசோதா வந்தால் உறுப்பினர் எதைப் பற்றி வேண்டுமானாலும் இருபது நிமிஷம் பேசலாம் என்பது அவர்கள் வழக்கம். லியாண்டர் எழுந்திருக்கிறார். உறுப்பினர் சிறிது நேரம் பேசவில்லை என்று புத்தகத்திலேயே போட்டிருந்தது.

பிறகு பேசுகிறார். "சபாநாயகர் அவர்களே, என் கையில தாள் இல்ல. அதனால கெழக்குத் தொறையில எறங்கி நடக்கிறேன். மொத வீடு செலஸ்டின் பார்டி. அவருக்கு எண்பத்தியொரு வயசு. கண்ணுக்குச் சொட்டு மருந்து கப்பல்ல வருது."

அங்கே ஒருவர், பிட்மன் விரிகுடா உறுப்பினர் எங்களையும் நடத்தியே கூட்டிப்போகப் போகிறாரா என்று கேட்டிருக்கிறார். சபையில் ஒருவரையொருவர் பேர் சொல்லக் கூடாது, தொகுதியைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்; பிட்மன் விரிகுடா எங்கள் தொகுதி. இவர் சொன்னார்: "ஆமாங்க. காலப் பாத்து வைங்க. தொறையில ரெண்டு பலக உளுத்துக் கெடக்கு." சிரிப்பு என்று அச்சடித்திருந்தது. வாசித்த நாங்களும் சிரித்தோம், ஏனென்றால் உளுத்துத்தான் கிடந்தது.

இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு என்று போகிறார். பெருமையாக ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் பியூலாவுக்கு மார்ச்சில் பிரசவம், போன தடவை கப்பலில் போய்த்தான் பிழைத்தாள். இந்த வீட்டில் நாய் குரைக்கும், கடிக்காது. இந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை, ஆனால் மகன் ஊருக்குத் திரும்பி வருவதாக எழுதியிருக்கிறான், கூரைக்கு ஆணி கேட்டிருக்கிறான். வாசிக்க வாசிக்கக் கூடத்தில் டீக் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். யாரோ நம் ஊரைத் தூக்கத்தில் நடந்து பார்ப்பது போல இருந்தது. கதவுகள் எல்லாம் திறந்தே கிடந்தன. எங்கேயும் காற்று இல்லை.

இருபத்துமூன்றாவது வீட்டு வாசலில் சபாநாயகர் நேரம் முடிந்தது என்கிறார். லியாண்டர் உட்கார்ந்துவிடுகிறார். சட்டம் என்றால் அவருக்குச் சட்டம்தான். அப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் அனுமதி, அனுமதி என்று குரல் வருகிறது. சபையில் ஒருவரும் மறுக்காவிட்டால் நேரம் தாண்டியும் பேசலாமாம். புத்தகத்தில் அடுத்த வரி மந்திரியுடையது: "அடுத்த வீட்ல யார் இருக்காங்க?"

இருபத்துநாலாவது வீடு எங்களுடையது.

"கார்லண்ட் டர்ன்ஃபோர்டு. இருதய நோயாளி. அவர் சம்சாரம் மெல்வினா. எங்க ஊர்ல அவங்க எழுதினா அது எல்லாரும் எழுதின மாதிரி." அவ்வளவுதான் சொல்லியிருந்தார். அதற்கு மேல் எழுத்துகள் எனக்கு நனைந்த துணி மாதிரி தெரிந்தன. மீதி ஏழு வீட்டை அம்புரோஸ் வாசித்தார். வாயாடாமல் வாசித்தார்.

அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை. தந்திக் கருவி வேறு ஊர்களின் விஷயங்களையே தட்டிக்கொண்டிருந்தது. ஜனவரி ஏழு, செவ்வாய்க்கிழமை. வரும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோரும் துறைக்குப் போனோம். மூடுபனியில் பக்கத்தில் நிற்கிறவர் முகம்கூடத் தெரியவில்லை. கார்லண்ட் ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மணி பத்து, பதினொன்று. தண்ணீர் மரத்தில் மோதும் சத்தம் மட்டும்தான்.

ஊதல் முதலில் எங்கள் காதுக்கு வரவில்லை, காலுக்குத்தான் வந்தது. பலகை லேசாக அதிர்ந்தது. பிறகு கேட்டது. வெள்ளைக்குள்ளிருந்து அதைவிடக் கொஞ்சம் கறுப்பாக ஒன்று பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்தக் கணத்தில் நான் முழங்காலில் இருந்தேன், எப்போது விழுந்தேன் என்று தெரியாது.

கப்பல் தலைவர் மேலிருந்து குனிந்து சொன்னார்: "ரெண்டு வாரத்துக்கு ஒரு வாட்டி. மார்ச் முடிய. சனிக்கெழமதான் உத்தரவு வந்துச்சு. அப்புறம் எனக்குத் தெரியாதுப்பா."

மாவு மூட்டை இறங்கிற்று. மருந்துப் பெட்டி இறங்கிற்று. லியாண்டர் மூட்டை தூக்கவில்லை, விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். சபை இருபதாம் தேதி கூடுகிறது. அடுத்த கப்பல் இருபத்தொன்று. பிறகு வீட்டுக்குப் போய் ஒரு சின்னப் பையோடு வந்தார்.

டிரைஃபினா பின்னாலேயே ஓடி வந்தாள். "உப்புக் கறியும் கோசும் அடுப்புல வெந்துட்டிருக்கு. எங்க போறீங்க?"

"ஏப்ரல் இருக்கே" என்றார் லியாண்டர்.

அவள் அவருடைய கழுத்துத் துணியை இழுத்துக் கட்டிவிட்டாள், கொஞ்சம் இறுக்கமாகவே. அவர் பலகைமேல் கால்களை அகட்டி வைத்து ஏறினார். கப்பல் பின்வாங்கியது. கொஞ்ச நேரம் அவருடைய தொப்பி தெரிந்தது, பிறகு அதுவும் பனியாகிவிட்டது. கார்லண்ட் பெட்டியைப் பிரித்து, தண்ணீர்கூடக் கேட்காமல், ஒரு மாத்திரையை விழுங்கினார்.