லாரி போகட்டும் என்று நின்றவன்

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் கூழ் ஊற்றினால் சாயங்காலம் பாட்டுக் கச்சேரி உண்டு. பாடகர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் கூட்டம் எழுந்து போகாமல் இருக்க ஒருவன் மைக்கைப் பிடித்து ஜோக் அடிக்க வேண்டும். அந்த ஒருவன் நான். பகலில் மணலி பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலை, மற்ற நேரத்தில் கலைஞன். கலைஞன் என்று நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி என் ஜோக் ஒன்றுக்கும் சிரித்ததில்லை. ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். அவள் முன்வரிசையில் ரேஷன் கடை க்யூவில் நிற்கிற முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். அது எனக்குள் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

என் பெரிய ஜோக்கே அவள் அப்பாதான். "பொண்ணு பாக்கப் போனேன். எங்க வேலை பாக்குறப்பான்னு கேட்டாரு மாமனாரு. கண்டெய்னர் யார்டுலன்னேன். உடனே கேட்டாரு, பெட்டிக்கு உள்ளயா, வெளியவா?"

கைதட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்வாள்: "எங்க நைனா அப்டி கேக்கவே இல்ல."

மேடை எப்போதும் எண்ணூர் ரோட்டு ஓரம்தான். துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று வந்தால் போதும், மைக் செட்காரர் சத்தத்தை அடியோடு இறக்கிவிடுவார். நானும் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டு, லாரி போகிற திசையையே பார்த்தபடி நிற்பேன். கூட்டமும் பார்க்கும். போனதும் விட்ட இடத்தில் ஆரம்பிப்பேன். எங்கள் ஊரில் கல்யாணம் பேசுவதும் சண்டை போடுவதும் இப்படித்தான். இதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

அப்போதுதான் அடையாறு பக்கத்திலிருந்து ஒரு பெண் வீடியோ கேமராவோடு வந்தாள். மேடையில் தனியாக நின்று சிரிக்க வைப்பவர்களைப் பற்றி டாகுமெண்டரி எடுக்கிறாளாம். "அண்ணா, கேமரா இருக்கறதையே மறந்துட்டுப் பேசுங்க" என்றாள். மறப்பதாவது. கழுத்து வரை பவுடர் அப்பிக்கொண்டு ஏறினேன். கேமரா என் முகத்தை மட்டுமே பார்த்தது. சத்தத்துக்கு மைக் செட் பெட்டியிலிருந்தே ஒயர் எடுத்துக்கொண்டாள்.

சில மாதம் கழித்து, தென்சென்னையில் ஓர் ஏசி ஹாலில் படத்தைத் திரையிட்டார்கள். பெரிய திரையில் பார்த்தாலாவது சிரித்துத் தொலைப்பாள் என்று மனைவியைப் பட்டுப்புடவையில் கூட்டிக்கொண்டு போனேன்.

திரையில் என் முகம் வந்தது. மாமனார் கதையை ஆரம்பித்தேன். "உடனே கேட்டாரு..." என்றதும் நின்றுவிட்டேன். அன்றைக்கு அந்த இடத்தில் போன லாரி திரையில் இல்லை; மைக் செட்காரர் சத்தத்தை இறக்கியிருந்ததால் இரைச்சலும் இல்லை. பவுடர் பூசிய ஒருவன் வாயை மூடிக்கொண்டு, இடமிருந்து வலமாக மெதுவாகத் தலையைத் திருப்புகிறான். திருப்பிக்கொண்டே இருக்கிறான். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

முதலில் சிரித்தது என் மனைவி. சத்தமாக, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு ஹாலே சிரித்தது. "பெட்டிக்கு உள்ளயா, வெளியவா?" என்று நான் முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் கண்ணாடி போட்ட ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மௌனம் இருக்கே சார், எங்க கத்துக்கிட்டீங்க?" வெட்கமே இல்லாமல் நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன்.

"எண்ணூர் ரோட்டுல" என்றாள் மனைவி. "லாரி வந்தா எங்கூர்ல அல்லாரும் அப்டித்தான் நிப்போம்."

பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மனம் கேட்கவில்லை. "மெய்யா சொல்லு. என் ஜோக்குல ஒண்ணு கூடவா உனக்கு நல்லால்ல?"

அவள் வாயைத் திறந்தாள். துறைமுகத்து லாரி ஒன்று வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு இடமிருந்து வலமாகத் தலையைத் திருப்பினாள். எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். ஒரு பதிலுக்காக அப்படித் தவித்ததில்லை.

இரண்டு லாரியும் போயின.

"எங்க நைனா அப்டி கேக்கவே இல்ல" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. எங்கள் வீட்டில் காமெடி யாருக்கு வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.