சுகர் மாத்திரை என்று சொன்ன பொய்

எனக்கு மூன்று வருடங்களாக மனச்சோர்வு. விழுப்புரத்தில் வைத்தியம் பார்க்கிறேன். யாராவது கேட்டால் "சுகர் மாத்திரை" என்பேன். அட்டையில் பெயரைப் படித்துவிடக் கூடாதென்று மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டு வைப்பேன்.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டிவனத்திலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். அவருக்கு நிஜமாகவே சுகர். தன் மாத்திரையை மறந்துவிட்டு வந்தவர், காலையில் என்னைக் கேட்காமலே என் டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து விழுங்கிவிட்டார். மண்டபத்தில் தலை சுற்றி, வாய் குழறிச் சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் "என்ன மாத்திரை?" என்று டாக்டர் கேட்டார். உறவுக்காரர்கள் முன்னால் உண்மையைச் சொன்னேன். நல்லவேளை, தூங்கி எழுந்ததும் தெளிந்துவிட்டார்.

தெளிந்ததும் என்ன கேட்டார் தெரியுமா? "எல்லார் எதிர்லயும் அத ஏன் சொன்ன? சுகர்னே சொல்லியிருக்கலாம்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரே போனாலும் நோயின் பெயர் வெளியே வரக் கூடாதா? பந்தியில் "எனக்கு சுகர்" என்று சத்தமாகச் சொல்லித்தானே பாயசத்தை ஒதுக்குகிறோம்? மனதுக்கு வந்தால் மட்டும் என்ன கேவலம்?

அந்தக் கோபத்தில்தான் இதை எழுதினேன். உங்கள் பத்திரிகைக்கு அனுப்புமுன் போனில் நாத்தனாருக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எங்க வீட்டுக்காரரும் இதுக்குத்தான் மாத்திரை சாப்டுக்கினு இருக்காரு. சத்து மாத்திரைன்னு சொல்லிக்கினு இருக்கோம்" என்றார்.

இப்போது டப்பாவின் மேல் 'மனச்சோர்வு மாத்திரை' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். நீங்களும் இதன் கீழே 'பெயர் வெளியிட விரும்பாத வாசகி' என்று போட்டுவிடாதீர்கள்.

- சு. மல்லிகா, கோலியனூர்