மேலாளர் சித்தி ஆன விதம்

அலுவலகத்தில் அவரை முறைக்காரர் என்பார்கள். யார் யாருக்கு என்ன முறை என்று சொல்வது அவர் வேலை, அதனால் வந்த பெயர் என்று மேலிடத்தில் நினைத்திருந்தார்கள். பக்கத்து மேசைக்காரர்களைக் கேட்டால், எதைச் சொன்னாலும் முறைக்கிறாரே, அதனால் வந்த பெயர் என்பார்கள். இரண்டும் பொய்யில்லை.

அது இணையத்தில் வம்சாவளி தேடித் தரும் நிறுவனம். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. அப்பா பெயர், தாத்தா பெயர், பிறந்த ஆண்டு, செய்த தொழில் என்று தெரிந்ததையெல்லாம் வாடிக்கையாளர் தட்டிவிட்டால், அதே ஆட்களை வேறு யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கணினி நிரல் துழாவிப் பார்க்கும். கிடைத்துவிட்டால் "உங்களுக்கு ஒரு புது உறவு!" என்று கைப்பேசியில் மணி அடிக்கும். சிலர் மகிழ்ச்சியில் அழுவார்கள். சிலர், இருக்கிற உறவே போதும், இதை எப்படி நிறுத்துவது என்று கேட்டு எழுதுவார்கள். இரண்டு வகைக்கும் பதில் எழுதுபவர் முறைக்காரர்தான்.

முன்பு அவர் தொலைபேசி விவரப் புத்தகம் அச்சிடும் இடத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். ஊரில் இருப்பவர்கள் பெயரையெல்லாம் படித்தே கண்ணாடி தடித்துப் போனவர். எல்லோரும் கைப்பேசிக்கு மாறிவிட, புத்தகம் நின்றது. பெயர்களோடு பழகியவர் என்பதால் இங்கே எடுத்துக்கொண்டார்கள். வந்த முதல் வாரமே சண்டை பிடித்தார். வெளிநாட்டில் எழுதிய அந்த நிரலுக்கு "அங்கிள்" என்று ஒரே ஒரு சொல்தான் தெரிந்திருந்தது. பெரியப்பாவும் அங்கிள், சித்தப்பாவும் அங்கிள், தாய்மாமனும் அங்கிள், அத்தை புருஷனும் அங்கிள். இப்படியே விட்டால் நாட்டில் பாதிக் குடும்பம் உடையும் என்று சொல்லி, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதினார். அவர் வாழ்க்கையில் அவரே பெருமைப்பட்ட வேலை அது.

இந்த நிலையில்தான் புது மேலாளர் வந்தாள். முப்பதைத் தொடாத வயது. குடும்பம் வேறு ஊரில். அம்மா இல்லை, அப்பா மட்டும். கறாரானவள். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பதுபோல் இருப்பாள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் நிரலில் என்னென்ன புது மாற்றம் வரப்போகிறது என்று அவள்தான் அறிவிப்பாள். ஒரு திங்கட்கிழமை, கைப்பேசித் திரையில் இடம் போதவில்லை, இனி எல்லா முறைக்கும் பொதுவாக "உறவினர்" என்று போட்டுவிடலாம் என்றாள்.

முறைக்காரர் எழுந்தார்.

"உறவினர்னா எப்படி மேடம்? என் வீட்டுக்காரியும் உறவினர்தான், அவங்க அண்ணனும் உறவினர்தான். ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாதிரி பேசிட்டு நான் வீட்டுல இருக்க முடியுமா?"

அவள் இடப் பற்றாக்குறையைத் திரும்ப எடுத்துச் சொன்னாள். அவர் அசையவில்லை. முறை என்றால் முறை, அதில் வயசு, பதவி, திரையில் இடம் எதையும் பார்க்கக் கூடாது என்று சபைக்கு நடுவே ஒரு போடு போட்டார். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். மேலாளர் விஷயத்தைத் தள்ளி வைத்தாள்.

அடுத்த மாற்றம் அதைவிடப் பெரிது. நிரல் எழுதுபவர்களில் ஒரு தாடிக்காரர் இருந்தார். அவர் மூளையில் உதித்தது அது. இரண்டு பேர் தங்கள் கைப்பேசியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒருவருக்கொருவர் என்ன முறை என்று திரையே சொல்லிவிடும். வெளியே விடுவதற்கு முன்பு அலுவலகத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும், எல்லோரும் அவரவர் வம்சாவளியைப் பதியுங்கள் என்று உத்தரவு வந்தது. முறைக்காரருக்குத் தன் பக்கத்து ஆட்கள் அதிகம் தெரியாது. அவர் அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது, நினைவு மட்டும் இன்னும் இருபதிலேயே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். அவளுடைய அப்பாவைப் பெற்ற தாத்தா தையல்காரர் என்பது வரை வந்தபோது, விரல் வலிக்கிறது, போதும் என்று நிறுத்தினார்.

சோதனை நாளன்று ஆளுக்கு ஆள் கைப்பேசியை ஒட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் யாரும் எதுவும் ஆகவில்லை. தாடிக்காரர் முகம் தொங்கியது. கடைசியில் மேலாளர் தன் கைப்பேசியை நீட்டினாள். முறைக்காரர் வேண்டாவெறுப்பாகத் தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நேரத்தில் மணி அடித்தன. அவர் திரையில் "இவர் உங்கள் சித்தி" என்று வந்தது. அவள் திரையில் "இவர் உங்கள் அக்கா மகன்".

தாடிக்காரர் சந்தோஷத்தில், உறவு வந்த வழியைச் சுவரில் இருந்த பெரிய திரையில் போட்டார். அம்மாவின் தாத்தாவான தையல்காரருக்கு வேறோர் ஊரில் இன்னொரு மனைவி. அவளுக்குக் கடைசிக் காலத்தில் ஒரு மகன். அந்த மகனின் மகள் மேலாளர். ஆக, மேலாளரின் அப்பாவும் முறைக்காரரின் தாத்தாவும் ஒரே தகப்பன் பிள்ளைகள். அம்மாவுக்கு இவள் தங்கச்சி. ஐம்பது கடந்த முறைக்காரருக்கு இவள் சித்தி.

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. முறைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தான் சபையில் போட்ட போடு அவருக்கு நினைவிருந்தது. மற்றவர்களுக்கும் நினைவிருந்தது. மறுநாள் காலை அவர் மேலாளர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"நேத்து வந்த புகாருக்கெல்லாம் பதில் எழுதியாச்சு, சித்தி."

"ஆபீஸ்ல மேடம்னே சொல்லுங்களேன்."

"முறைன்னா முறை. நானே சொல்லிட்டு நானே மாத்துனா நல்லாருக்காது."

அவள் தலையில் கைவைத்தாள்.

வீட்டில் இதைவிடப் பெரிய கூத்து. தன் தாத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்று கேட்டதும் அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். உடைந்து போய்விட்டாளோ என்று அவர் தண்ணீர் எடுத்து வந்தார். அவள் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கண் பளபளக்கச் சொன்னாள்:

"அறுபது வயசுக்கு மேல! முழங்கால் வலிக்குதுன்னு சொல்வாரு, சின்னப் பொண்ணு நான்தான் தைலம் தேய்ச்சு விடுவேன். மாசாமாசம் நூல் வாங்கப் போறேன்னு கிளம்புவாரே. என்ன நூலோ!"

கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த தாத்தாவின் படத்தை அன்றே சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள். வருகிறவர்களிடமெல்லாம் படத்தின் முதுகைக் காட்டி விவரம் சொன்னாள். தாத்தா பேரில் கோபம் இருந்தாலும் புதிதாக வந்த தங்கச்சி பேரில் துளி கோபமில்லை. ஆளை உடனே கூட்டி வரச் சொன்னாள்.

மேலாளர் தட்டிக் கழித்துப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு சனிக்கிழமை பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்ததுதான், எழுந்து போக மாலையாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை கூப்பிடாமலேயே வந்தாள். இதற்குள் முறைக்காரரின் மனைவிக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. புருஷன் செய்யும் அட்டூழியத்தைச் சொல்ல மாமியாரிடம் போய்ப் பயனில்லை. இப்போது மாமியார் முறையில் இன்னொருத்தி, அதுவும் அவருக்கு வேலை கொடுக்கிற இடத்தில். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவதிலிருந்து எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் கூட்டத்தில், மாதக் கணக்கெல்லாம் பேசி முடித்த பிறகு, மேலாளர் காகிதத்திலிருந்து நிமிராமலேயே சொன்னாள்: "ரத்த அழுத்த மாத்திரையை நாலு நாளா போடலையாமே. உங்க வீட்டுக்காரம்மா சொன்னாங்க." முறைக்காரர் அந்த இடத்திலேயே பையிலிருந்து எடுத்து விழுங்கினார்.

மேலாளரின் அப்பாவும் தொலைபேசியில் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மூன்று வயதில் தகப்பனை இழந்தவர். முகம்கூட ஒரே ஒரு படத்தில் பார்த்ததுதான். கூடப் பிறந்தவர்களும் கிடையாது. அம்மா அவரைவிட நாலைந்து வயது பெரியவள். ஆனாலும் அவர் சித்தப்பா, இவள் அண்ணன் மகள். தினமும் மாலையில் இருவரும் பேசினார்கள். உங்க அப்பா படத்தை அனுப்புங்க சித்தப்பா என்று அம்மா கேட்க, மகளிடம் அனுப்பிவிட்டேன், அவள் கொடுப்பாள் என்றார் அவர். மகளைக் கேட்டால், கைப்பேசியில் இடமில்லை என்றாள். பிறகு, படம் திறக்க மாட்டேன் என்கிறது என்றாள். கணினி நிறுவனத்து மேலாளருக்கு ஒரு படத்தைத் திறக்கத் தெரியவில்லையே என்று முறைக்காரருக்கு ஆச்சரியமாக இருந்தது.

காத்திருந்து பார்த்த சித்தப்பா ஒருநாள் படத்தைத் தானே பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறிவிட்டார். மகளுக்கே அவர் வந்து இறங்கிய பிறகுதான் தெரியும்; அவளும் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். புதுச் சட்டை, வழவழவென்று சவரம் செய்த முகம். அம்மா வாசல்வரை போய் அழைத்து வந்தாள். டீ வந்தது. சித்தப்பா படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அம்மாவும் சுவரிலிருந்து தாத்தாவை இறக்கி, முகத்தைத் துடைத்து, பக்கத்தில் வைத்தாள்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் நீள முகம், ஒட்டிய கன்னம், பெரிய மீசை, இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும் காது. மற்றவர் பூசணி முகம், மீசையே இல்லை, காது இருக்கிற இடம் தேட வேண்டியிருந்தது.

அம்மாதான் முதலில் வாய் திறந்தாள். மீசையை எடுத்திருப்பார் என்றாள். வெளியூர்ச் சாப்பாட்டில் கொஞ்சம் சதை போட்டிருப்பார் என்றாள் மருமகள். விளக்கு வெளிச்சத்தில் படம் எடுத்தால் முகம் அகலமாகத்தான் விழும் என்று சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார். மூன்று பேருமாக இரண்டு மனிதர்களைத் தள்ளி நெருக்கி ஒருவராக்கப் பார்த்தார்கள். முறைக்காரருக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. வாழ்நாள் முழுவதும் பிழை திருத்திய வாய், கேட்கவில்லை.

"காது மாறாதும்மா."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் காதையும் பார்த்தார்கள், அம்மா காதையும் பார்த்தார்கள். தாத்தா இருவர் தலையிலும் அப்படியே விரிந்து நின்றார். சித்தப்பா தன் காதை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டார். நடந்தது இதுதான்: ஒரே பெயர், ஒரே பிறந்த ஆண்டு, இருவரும் தையல்காரர்கள். நிரல் இரண்டு பேரையும் சேர்த்துத் தைத்துவிட்டது. முறைக்காரர் அதைக் கூடியமட்டும் மெதுவாக விளக்கினார். மேலாளர் தலையைக் குனிந்து டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா தன் படத்தை எடுத்துத் துணியில் சுற்றினார். கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரமிருந்தும், கிளம்புவதாகச் சொன்னார்.

"எங்க கிளம்புறீங்க, சித்தப்பா? டீயைத் தொடவே இல்ல," என்றாள் அம்மா.

"நான்தான் சித்தப்பா இல்லைன்னு ஆயிடுச்சேம்மா."

"அந்தப் போன் சொல்லுச்சுன்னு வந்தீங்க. அது சொன்னா போயிடணுமா? இத்தனை நாளா பேசினது அதுகூடவா, என்கூடவா? உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். டீ ஆறிவிட்டது என்று மருமகள் வேறு போட்டுக்கொண்டு வந்தாள்.

அன்றே, வீட்டு மாடிப்படியில் மேலாளர் முறைக்காரரைத் தனியாக நிறுத்தினாள். படம் வந்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். அக்கா வீட்டுச் சுவரில் திருப்பி வைத்திருந்த படத்தை ஒருமுறை எட்டிப் பார்த்ததே போதுமானதாக இருந்ததாம். தாடிக்காரரிடம் சொல்ல மூன்று முறை எழுந்து மூன்று முறையும் உட்கார்ந்துவிட்டாளாம்.

"அப்பா தினமும் சாயங்காலம் ஷேவ் பண்ணிட்டுத்தான் அக்காவுக்குப் போன் போடுறாரு. போன்ல முகம்கூடத் தெரியாது. அதுக்கே ஷேவ் பண்றாரு. எப்படிச் சொல்றது, நீங்களே சொல்லுங்க."

அவள் குரல் கொஞ்சம் பிசிறியது. முறைக்காரர் முறைக்கவில்லை. உள்ளே இருப்பவர்கள் தேடி வருவதற்குள் மூக்கைத் துடைத்துக்கொள்ளச் சொல்லித் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அவர் அலுவலகத்தில் அப்படிச் செய்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் தானே எழுந்து, பிழையைத் தெரிந்தும் தான் சொல்லாமல் இருந்ததையும் சேர்த்துச் சொன்னாள். அந்த மாற்றத்தை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் தாடிக்காரர் அவசரப்பட்டு அதை ஏற்கெனவே சில வாடிக்கையாளர்களுக்கு விட்டிருந்தார். தவறாக இணைக்கப்பட்டவர்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு எழுதும் வேலை முறைக்காரர் தலையில் விழுந்தது. பெரும்பாலானவர்கள் திட்டி எழுதினார்கள். ஒருவர் மட்டும், புது மாமா நல்ல மனிதராக இருக்கிறார், அவரை வைத்துக்கொள்கிறேன், அதற்குப் பதிலாகப் பழைய மாமாவை எடுத்துவிட வழியிருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

அம்மா தாத்தாவை மறுபடி முகம் தெரிய மாட்டினாள். தப்பாக நினைத்துவிட்டேன் என்று படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு திரும்பி, "அப்ப நூல் வாங்கத்தான் போயிருக்காரு," என்றாள். அதில் வருத்தம் கொஞ்சம் இருந்தது.

அலுவலகத்தில் முறைக்காரர் திரும்பவும் மேடத்துக்கு மாறினார். சனிக்கிழமைகளில், அம்மாவின் காதில் விழும் தூரத்தில் மட்டும், சித்தி. இரண்டையும் இடம் மாற்றி அவர் உளறியது சிலமுறை நடந்தது. யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் சித்தப்பாவுக்குக் கண்ணில் புரை வந்தது. அறுவைக்கு இந்த ஊரிலேயே வந்து தங்கினார். மகள் வேலையை விட்டு வர முடியாத நேரம். மருத்துவமனைக்குக் கூடப் போனது அம்மாதான். வரவேற்பு மேசைப் பெண், கூட வந்திருப்பவர் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

"அண்ணன் மக," என்றாள் அம்மா.

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். அவரைவிட வெள்ளையான தலையோடு நின்ற அம்மாவைப் பார்த்தாள். திரும்பவும் கேட்டாள். சித்தப்பா ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டே, "ஆமாம்மா, எங்க அண்ணன் பொண்ணு. சின்ன வயசுலேர்ந்தே ரொம்பப் பொறுப்பு," என்றார்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டு, இருவரையும் உள்ளே போய் உட்காரச் சொன்னாள்.