தொட்டி மண்

நாங்கள் இருக்கும் மாடிக்குடியிருப்பைப் பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று அறிவித்ததில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். பல்கனிகளோடு சேர்த்து வார்த்த சீமெந்துப் பூந்தொட்டிகள்தாம் கட்டடத்தின் முகமாம். புத்தளத்து உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருவேறி, எங்கள் தொட்டித் தண்ணீர் கீழ்வீட்டுக் கட்டிலில் சொட்டத் தொடங்கிய பிறகுதான் திருத்த ஆள் வந்தது.

"ராத்தா, தொட்டிய உடைக்க மாட்டோம். மண்ண மட்டும் அள்ளி வீசணும். உப்பேறின மண், பாரமும் கூட" என்றார் மேசன்.

"மண்ணுல கை வைக்க ஏலா" என்று அவரை வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? மகன் பிறந்து ஏழாம் நாள் களைந்த முடியைப் புதைக்க எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் இருக்கவில்லை. இந்தத் தொட்டியில் புதைத்து, மேலே மருதோன்றிக் கம்பு ஊன்றினேன். வளர்ந்து, பள்ளிவாசல்துறையில் வள்ளம் ஏறிக் கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. மையித்தும் கரையொதுங்கவில்லை. மையித்து இல்லாமலே ஜனாஸாத் தொழுதார்கள். அடக்கிய இடமென்று அவனுக்கு ஒரு கபுறு இல்லை. எனக்கு இருந்தது இந்த மண் மட்டுந்தான்.

கீழ்வீட்டுக்காரி மேலே வந்து சண்டை பிடிக்கவில்லை. வாளி வைத்துத் தண்ணீர் ஏந்தினாள். அதுதான் என்னைச் சுட்டது.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்த கணவர், "புள்ள, அந்த மனிசிட புள்ளைகள் ஈரத்துல படுக்குதுகள். மண்ண எடுப்போம். வேற ஆள் தொட வேணாம், நான் எடுக்கிறேன்" என்றார்.

"உங்களுக்கென்ன, கல்லு மனசு" என்று ஏசினேன். மகன் போனதிலிருந்து அவர் அழுது நான் கண்டதில்லை. அந்தக் கோபம்.

அவர் சாரத்தை மடித்துக் கட்டி, மருதோன்றியை வேரோடு எடுத்தார். மண்ணைச் சாக்கில் அள்ளி வீட்டுக்குள் வைத்தார். மேசன் திரும்ப வந்து துருவைச் சுரண்டிப் பூசி, தண்ணீர் நிறுத்திப் பார்த்து, புது மண் கொட்டிவிட்டுப் போனார். மருதோன்றியைத் திரும்ப நட்டேன்.

கணவர் சாக்கை அவிழ்த்து, பழைய மண்ணில் ஒரு பிடி அள்ளி வேரடியில் போட்டார். வாய்க்குள் ஏதோ ஓதினார். உற்றுக் கேட்டேன். கபுறில் ஆண்கள் மூன்று பிடி மண் போடும்போது ஓதுவது. மகனுக்கு அதைச் செய்ய அவருக்குக் கிடைக்கவே இல்லை. இரண்டாம் பிடியும் போட்டார். மூன்றாவதுக்குக் கை எழும்பவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

எங்கள் ஊரில் பெண்கள் கபுறடிக்குப் போவதில்லை. மூன்றாம் பிடியை நான் போட்டேன்.