திருகோணமலைக்குக் குடிபோகப் பார்த்தோம்

அடுப்புப் புகை வாசம்... எட்டாம் வகுப்பு வரைக்கும் என் ஸ்கூல் யூனிஃபோர்மில் அடித்தது அதுதான்.

கண்டி மலையில் எங்கள் ஹுன்னஸ்கிரியவில் மழை பிடித்தால் லேசில் விடாது. துவைத்துப் போட்ட வெள்ளைச் சட்டை மூன்று நாளானாலும் ஈரம் போகாது. அம்மா அடுப்புக்கு மேலே கம்பி கட்டி, எனக்கும் தம்பிக்கும் அதில்தான் உடுப்புக் காயப்போடுவார். வகுப்பில் எல்லோரிடமும் அதே வாசம், அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை!

அப்பா தேயிலை ஃபெக்டரியில் உதவி டீமேக்கர், கொழுந்து தூளாகும் வரை கவனிக்கிறவர். அங்கே தேயிலை காயவைக்கும் இடம் எப்போதும் கதகதவென்று இருக்கும்.

"நம்ம உடுப்ப அங்க ஒரு மூலையில போட்டா என்னங்க?" என்று அம்மா ஒரு தடவை கேட்டுவிட்டார். அப்பா பதறிப்போனார்.

"தேயிலையில எந்த வாசமும் ஒட்டிக்கிரும். கொழும்புல குடிச்சுப் பாக்குறவன் சோப்பு வாசம் வருதுன்னு சொன்னா நம்ம கதி என்னாகும்?"

உடுப்பைக்கூடச் சமாளிக்கலாம். அம்மாவின் விரல்கள்தான் பெரிய கஷ்டம். குளிர் கூடினால் பத்து விரலும் வீங்கிச் சிவந்துவிடும். துணி பிழிகிற நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்.

அந்தச் சமயத்தில்தான் திருகோணமலையிலிருந்து செல்வம் மாமாவின் போன் வந்தது. அப்பாவோடு கண்டியில் ஒன்றாகப் படித்தவர். சண்டை ஓய்ந்து பாதை திறந்த புதிது. கடற்கரையில் கெஸ்ட் ஹவுஸ் கட்டியிருந்தார். "மேனேஜரா வாடா, வீடும் தாறன். ஸ்கூல் தொடங்க முந்தி முடிவச் சொல்லு" என்றார்.

ஓகஸ்ட் லீவில் மூன்று நாள் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று கிளம்பினோம். நாலு ஸ்வெட்டர், இரண்டு கம்பளி, தம்பிக்கு மங்கி கேப்... எல்லாம் பையில். போவது கடற்கரைக்கு என்று தெரியாமலில்லை. கம்பளி இல்லாமல் வீட்டை விட்டு இறங்க எங்கள் ஆட்களுக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

போய் இறங்கியது உச்சி வெயிலில். அம்மா முதல் வேலையாக ஒரு பெரிய பானை தண்ணீரை அடுப்பில் ஏற்றினார், எங்களைக் குளிப்பாட்ட! செல்வம் மாமாவின் மனைவி அந்த ஊரிலேயே பிறந்தவர். பதறி ஓடிவந்தார்.

"என்ன அக்கா, ஆருக்குச் சுகமில்லை?"

"யாருக்கும் ஒண்ணுமில்லையே. குளிக்கத்தான்."

"இந்த வெயிலுக்கையோ!"

மாமி கதிரையில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த நாள் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது சட்டையைப் பிழிவதற்குள் முதல் சட்டை கொடியில் காய்ந்து ஆடியது. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும், சோப்பு சரியாக நுரைக்கவும் இல்லை. விட்டாரா அம்மா! எங்கள் உடுப்பு முடிந்து, கொண்டுபோன கம்பளி முடிந்து, கடைசியில் மாமி வீட்டு ஜன்னல் சீலையையும் கழற்றிவிட்டார்.

"விடுங்கோ அக்கா, விருந்துக்கு வந்தனீங்கள்..."

"சும்மா இருங்க தங்கச்சி. இந்த வெயில வீணாக்கக் கூடாது."

விரல் என்று ஒன்று இருப்பதையே அவர் மறந்துபோயிருந்தார். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்பா பாடு வேறு. அந்தச் சவர்த் தண்ணீரில்தான் பிளேன்டீ. எங்களுக்குச் சீனி கூடப் போட்டால் போதும். அப்பாவோ தினமும் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, உறிஞ்சித் துப்பி, தேயிலைக்குத் தரம் சொல்லுகிற ஆள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "நல்லா இருக்கும்மா" என்று மாமியிடம் சொன்னார். ஆனால் ஒவ்வொரு தடவையும் கோப்பை பாதியோடு நின்றது. அவர் டீயை மிச்சம் வைத்து நாங்கள் பார்த்ததேயில்லை. அம்மா கோப்பைகளை எடுத்துக் கழுவினார்.

திரும்பி வரும்போது, பஸ் ஹபரணையைத் தாண்டியதும் அப்பா ஆரம்பித்தார்.

"சாந்தி, போயிருவோம். செல்வத்துக்கிட்ட சரின்னு சொல்லிர்றேன்."

"வேணாங்க."

"என்னா வேணாம்? உடுப்புக் காயப்போட்டப்ப ஒன் மொகத்த நான் பாத்தேன்."

"நீங்க மிச்சம் வச்ச கோப்பைய நானும்தான் பாத்தேன்."

"டீ என்னா பெரிய டீ! பழகிக்கலாம்."

"வெரலு என்னா பெரிய வெரலு! இத்தன வருசமா பழகலையா?"

மாத்தளை வரைக்கும் இதே சண்டை... அம்மா அப்பாவுக்காக வாதாட, அப்பா அம்மாவுக்காக வாதாட, நானும் தம்பியும் நடுவில் மாட்டிக்கொண்டோம்.

அம்மாதான் ஜெயித்தார். நாங்கள் மலையிலேயே தங்கிவிட்டோம். அடுத்த மாதமே அப்பா குவாட்டர்ஸுக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கும் கூரையாகப் போட்டு, காற்று ஓட இடம் விட்டு, உடுப்புக் காயவைக்க ஒரு சாய்ப்பு இறக்கினார். குளிர் காலத்தில் துணி துவைக்கிற வேலை முழுக்க அவருடையதானது. ஃபெக்டரி ஆட்கள் கேலி பண்ணினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை.

இப்போது நான் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறேன். கணவருக்கு அதே திருகோணமலையில் ஒரு நல்ல வேலை வந்திருக்கிறது. ஒரு மாதமாக இரண்டு பேரும் லேப்டாப்பில் லிஸ்ட் போடுகிறோம். மகளின் ஸ்கூல், வாடகை, ஆஸ்பத்திரி, இன்டர்நெட்... பதினெட்டு வரி வந்துவிட்டது.

போன சனிக்கிழமை இந்தக் கதையை அவருக்குச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு அங்க போக ஆசையா?"

லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"எனக்கா? நீ எப்பப் பாத்தாலும் கடல் கடல்னு சொல்றியேன்னுதான் நான் அப்ளையே பண்ணுனேன்."

நானோ, அவர் ஆசைப்படுகிறார் என்றுதான் இத்தனை நாளும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்! சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மாவும் அப்பாவும் எதையும் எழுதிப் பார்க்கவில்லை. மூன்றே நாளில் ஒருவர் மனது மற்றவருக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்குப் பதினெட்டு வரிக்குப் பிறகும் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருந்தது... பரவாயில்லை, கேட்டுவிட்டோம்.

போவதா, இருப்பதா? இன்னும் முடிவில்லை. லிஸ்டை மூடி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம்.