படுத்தபடி தைத்த போர்வை

என் நோயை வெற்றிலை மூன்று மாதம் மறைத்து வைத்திருந்தது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்து (தேயிலைச் செடியின் கிளைகளைக் குறைத்து வெட்டும் வேலை) வெட்டுகிறவன் நான். அந்தக் குளிரில் யாருக்கும் வாய் சும்மா இருக்காது. இருமித் துப்பினால் சிவப்பாகத்தான் வரும். எங்கள் ஆட்கள் எல்லாருக்குமே அப்படித்தான் வரும். அதைப் போய் யார் உற்றுப் பார்ப்பார்கள்?

ஒரு மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டது. கடைக்கு வெற்றிலை வரவில்லை. மூன்றாம் நாள் காலை ஒரு செடியின் தூரில் துப்பினேன். சிவப்பு. வாயில் வெற்றிலை இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கத்தியைக் கீழே போட்டுவிட்டு நின்றேன். மேலேயிருந்து கங்காணி, "என்னடா வேலு, செடிக்குப் பொட்டு வச்சு அழகு பாக்குறியா?" என்று கத்தினார். 

இதை வாசிக்கிற நீங்கள் வெற்றிலை போடுகிறவராக இருந்தால், இருமல் விடாமல் இருந்தால், இரண்டு நாள் அதை நிறுத்திவிட்டுத் துப்பிப் பாருங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

தோட்டத்து மருந்தய்யா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே எக்ஸ்ரே (நெஞ்சுக்குள் இருப்பதை நிழலாகக் காட்டும் படம்) எடுத்தார்கள். இடது நுரையீரலின் மேல் பக்கத்தில் ஒரு குழி. டி.பி. (காசநோய்) என்றார்கள். என் மனைவி செல்லம்மா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி நாலு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை அது.

டாக்டர் அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். "சளியில் கிருமி இல்லையென்று ஆகும்வரை பிள்ளையை நீ தொடக் கூடாது."

"எத்தனை நாளைக்குங்க?"

"நாள் கணக்கு இல்லை. வருடமும் ஆகலாம்."

என் வியாதியைவிட அந்தச் சொல்தான் என்னை அடித்துப் போட்டது. பிறக்கப்போகிற பிள்ளையைத் தூக்கக்கூட முடியாத அப்பன் எதற்கு என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. ஆனால் நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) போட்டார்கள். காதுக்குள் வண்டு ரீங்கரித்தது. ஊசியையும் காதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது படுக்கைதான். முழு ஓய்வு என்றால், மல்லாக்கப் படுத்தபடி கிடப்பது. உட்காரக்கூட அனுமதி இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து மலையில் ஏறி இறங்கிய உடம்பு அது. கை தானாகக் கத்தியைத் தேடும். கட்டிலின் இரும்புக் காலில் இருந்த பச்சைப் பெயின்டை நகத்தால் ஒரு சாண் உயரம் உரித்துவிட்டேன். மிஸ்ஸி (தாதி) வந்து சிங்களத்தில் நன்றாக வாங்குவாங்கு என்று வாங்கினார்.

பக்கத்துக் கட்டிலில் காசிம் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் அழைப்போம்). கந்தப்பளைக் கடைவீதியில் தையல்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், என்னைவிட மோசமான நெஞ்சு. அவர் நெஞ்சின்மேல் எப்போதும் உள்ளங்கை அகலத்தில் இரண்டு துணித்துண்டுகள் கிடக்கும். கடையில் வெட்டி மிஞ்சிய துணிகளை வீட்டார் பையில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். படுத்தபடியே அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துக்கொண்டிருப்பார்.

"தம்பி, அந்தக் கட்டில் ஒனக்கு என்ன செஞ்சிச்சு?" என்று ஒரு நாள் அந்தப் பையை என் பக்கம் தள்ளினார். "இதத் தை."

"நான் என்ன பொம்பளையா நானா?"

"நான் என்ன பொம்பளையா? இதுலதான் எங்க ஊட்டு அடுப்பு எரிஞ்சிச்சு."

பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன். பிறகு கேட்டேன்: "சட்டை தைக்கிற ஆளு, ஏன் இந்தத் துண்டு துக்கடாவ ஒட்டுறீங்க?"

அவர் நூலைப் பல்லால் அறுத்தார். "ஒரு சட்டைய முடிக்க எனக்கு நாள் இரிக்கோ இல்லியோ, தெரியா. ஒரு துண்டு தைக்க இரிக்கி."

ஒட்டுப்போர்வை ஏன் தைக்கிறார்கள் என்று பிறகு எத்தனையோ பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். மிச்சம் பிடிக்க, பொழுது போக்க, அழகுக்கு என்று அவர்களே காரணமும் சொல்வார்கள். இருக்கலாம். நான் தைக்கத் தொடங்கியது, படுத்தபடி செய்ய உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது என்பதால். இரண்டு துண்டுகளை நெஞ்சின்மேல் வைத்தால் போதும். கைக்கு வேலை கிடைத்தது, கட்டிலும் பிழைத்தது.

முதல் பத்துத் துண்டும் கோணல். கோணிச் சாக்கைத் தைத்த கை, மெல்லிய துணியை இழுத்துச் சுருக்கிவிட்டது. நானா பார்த்து, "கவ்வாத்து வெட்டி வச்சிரிக்கிறே" என்றார்.

மகள் பிறந்த செய்தி வந்த அன்றுதான் அந்தத் துண்டுகளுக்கு ஒரு நோக்கம் வந்தது. இரண்டு மாதம் கழித்து, பார்வையாளர் வருகிற ஞாயிற்றுக்கிழமை, செல்லம்மா தன் தங்கையோடு வந்தாள். பிள்ளையை வார்டுக்குள் விடமாட்டார்கள். தங்கை வெளியே புல்வெளியில் நின்று ஒரு துவாய்ப் (துவட்டும் துணி) பொட்டலத்தை உயர்த்திக் காட்டினாள். ஜன்னல் வழியே எனக்குத் துவாய்தான் தெரிந்தது.

"எவ்வளவு நீளம் இருக்கா?" என்று கேட்டேன்.

செல்லம்மா முழங்கையிலிருந்து விரல்நுனிவரை காட்டினாள். "இம்புட்டுதாங்க."

அந்த அளவுக்குத் தைத்தேன். போர்வைக்கு அடித்துணியாக, அவள் கர்ப்பத்தில் உடுத்திய பழைய சேலையைக் கொண்டுவந்தாள். மேல்பக்கம் முடிந்ததும் மறுபடி அளவு கேட்டேன். கை தோள்வரை போயிற்று. ஒரு வரிசை கூட்டினேன். அடுத்த முறை வந்தபோது அதுவும் போதவில்லை. எனக்கு வெறி பிடித்த மாதிரி ஆயிற்று. நான் தைக்கிற வேகத்தைவிட மகள் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தாள், நான் இல்லாமலே.

அதனால் திருட்டுத்தனம் செய்தேன். மத்தியானம் இரண்டு மணி நேரம் யாரும் அசையக் கூடாது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிச் சிவப்புக் கம்பளிக்கு உள்ளே, ஒருக்களித்து, கை தடவிய இடத்தில் தைத்தேன். மிஸ்ஸி நாலு மணிக்கு வந்து காய்ச்சல் பார்ப்பார். நின்றுபோயிருந்த காய்ச்சல் திரும்ப நூறைத் தாண்டியது. மூன்று வாரம் அப்படியே.

டாக்டர் காய்ச்சல் அட்டையைப் பார்த்து முகம் சுளித்தார். மருந்து பலிக்கவில்லை போல, விலா எலும்பை எடுத்து நுரையீரலை அமுக்குகிற அறுவைச் சிகிச்சைக்குக் கொழும்புக்கு அனுப்பலாம் என்று மிஸ்ஸியிடம் சொன்னார்.

அவர் போனதும் நானா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

நானே சொன்னேன். டாக்டர் கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் என் கையிலிருந்த ஊசியை வாங்கித் தன் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். "பிள்ளையைத் தூக்க அவசரமா, போர்வையை முடிக்க அவசரமா?" என்றார். ஒரு மாதம் தையல் ஊசியைத் தரவில்லை. அந்த மாதம்தான் எல்லாவற்றிலும் நீளமான மாதம். கைகளைத் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். காய்ச்சல் இறங்கியது.

அந்த மாதக் கடைசியில் காசிம் நானா போய்விட்டார். தைத்துக்கொண்டிருந்த துண்டில் ஊசி அப்படியே இருந்தது. துணிப்பையை என்னிடம் கொடுக்கச் சொல்லியிருந்தாராம். அந்தத் துண்டு என் போர்வையின் நடுவில் இருக்கிறது. அவர் விட்ட இடத்திலிருந்து என் தையல் தொடங்குவது நன்றாகத் தெரியும். அவருடையது எறும்பு வரிசை, என்னுடையது கோணல்.

வீடு திரும்ப மூன்று மாதம் இருக்கும்போது போர்வையை மிஸ்ஸி கொதிநீரில் அவித்துக் கொடுத்தார். சிவப்புத் துண்டுகள் சாயம் விட்டு, வெள்ளையெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. செல்லம்மாவிடம் கொடுத்தேன். "பிள்ளைக்குப் போத்து" என்றேன். தலையாட்டினாள்.

தொடர்ந்து மூன்று முறை சளி சுத்தம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்த பிறகு, பதினான்கு மாதம் கழித்து லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) வந்தேன். அக்கம்பக்கத்தார் தள்ளி நின்று சுகம் விசாரித்தார்கள். எனக்குத் தனித் தட்டு, இஸ்தோப்பில் (லயத்து அறைக்கு முன்னால் உள்ள தாழ்வாரம்) தனிப் பாய். அதற்குத் தயாராகத்தான் வந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தபோது தொட்டிலில் பிள்ளைமேல் பழைய துவாய் கிடந்தது. என் போர்வை செல்லம்மாவின் பாயில் கசங்கிக் கிடந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிள்ளைக்குன்னு உசுரக் குடுத்துத் தைச்சேன். நீ போத்திக்கிட்டுத் தூங்குறியா?"

அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "மூணு மாசமா நாந்தாங்க போத்திக்கிறேன். தலையோட போத்திக்கிறேன். எனக்கு இருமலும் வரல, காச்சலும் வரல. நாளையிலேருந்து பாப்பாவுக்குப் போடுறேன்."

நான் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்து அழுதேன். அவித்த துணியில் கிருமி இருக்காது, நீங்கள் யாரும் இப்படிச் சோதிக்க வேண்டாம். பின்னால் இதைக் கேட்ட டாக்டர் அவளை அவ்வளவு திட்டினார். ஆனால் வந்தால் தனக்கு வரட்டும் என்று ஒருத்தி மூன்று மாதம் என் தையலுக்குள் படுத்திருக்கிறாள். அவள் தன் குளிருக்குப் போர்த்திக்கொண்டாள் என்று நான் நினைத்தேன்.

அவள் பிள்ளையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "பிடிங்க" என்றாள். பிள்ளை என்னைப் பார்த்து வீறிட்டு, நெஞ்சின் இடது பக்கம் உதைத்தது. வலித்தது. நான் விடவில்லை.

ஐந்து வருடமாகிறது. கவ்வாத்து வெட்ட எனக்கு இனி முடியாது. நாற்று மேடையில் வேலை. மேட்டில் ஏறினால் நாலு இடத்தில் நிற்கிறேன். முன்பு நிற்பது வெட்கமாக இருந்தது. இப்போது ஒரு துண்டு தைக்கிற நேரம் நின்று, அப்புறம் அடுத்த துண்டுக்கு நடக்கிறேன். உடம்பு முழுதாகத் திரும்பவில்லை. ஒட்டுப்போட்டுத்தான் திரும்பியிருக்கிறது. கை மட்டும் இன்னும் சும்மா இருப்பதில்லை.

இன்று காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்) கிளம்பும்போது பார்த்தேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே கால் தெரிந்தது. இன்னொரு வரிசை கூட்ட வேண்டும்.